முதல் கோப்பு சாமிக்கு

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. 'சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு' என்பார்கள். சிஸ்டமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் படிவத்தை எழுதியவள் நான். பெயர் மகிழினி, வயது முப்பத்தொன்று, திருச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

2053-இல் அரசு நினைவு மீட்புத் திட்டத்தை ஆரம்பித்தது. மறதி நோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல், மருந்து மூளையைப் புதுப்பிக்கும்போது உள்ளே இருப்பதையும் சேர்த்துத் துடைத்துவிடும். பேசுவதும் நடப்பதும் பல் தேய்ப்பதும் மறக்காது. வாழ்ந்த வாழ்க்கை மட்டும் போய்விடும். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்பே நோயாளியின் நினைவுகளை எடுத்துக் கோப்புகளாக வைத்துக்கொள்வார்கள். ஒரு நினைவுக்கு ஒரு கோப்பு, மேலே தேதியும் சின்னதாக ஒரு படமும் இருக்கும். மருந்து முடிந்ததும் அவற்றை மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும்.

மருத்துவமனையே ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தரங்க உரிமைச் சட்டப்படி அடுத்தவர் நினைவை டாக்டர் தொடக்கூடாதாம். மனைவியோ பிள்ளையோ இணையப் படிவத்தில் எதெது வேண்டும் என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அதிகபட்சம் முந்நூறு கோப்புகள். ஒரு ஆளுக்கு முந்நூறு போதும் என்று எந்தக் கமிட்டி டீ குடித்துக்கொண்டே முடிவு செய்ததோ! முப்பது நாள் கழித்து, ஏற்றாத கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும். அதுவும் சட்டம்தான்.

உதவி மையத்துக்கு வந்த கேள்விகளைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். 'மாமியார் இருக்கும் கோப்புகளை விட்டுவிட்டால் பின்னால் விசாரணை வருமா?' என்று ஒரு அம்மாள். 'கல்யாணத்துக்கு முந்தியதைக் கட்டாயம் போட வேண்டுமா?' என்று இன்னொருவர். 'அப்பாவுக்கு என் தம்பி ஞாபகமே வராமல் செய்ய முடியுமா, சொத்து விஷயமாகக் கேட்கவில்லை' என்று ஒரு நல்லவர். படித்துப் படித்துச் சிரித்தோம்.

முதல் கட்டத்தில் நானூற்றுப் பதினோரு நோயாளிகள். எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்றி முடிந்தது. பலன் அமோகம். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் கண் விழித்ததிலிருந்து புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் இல்லை, புலம்பல் இல்லை, உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. மகிழ்ச்சி அளவைப் பார்க்கும் கருவி எல்லோருக்கும் நூறு காட்டியது. துறை அதைச் சாதனை மலராக அச்சிட்டது. பக்கத்து மாநிலத்திலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போனது.

இருபத்து நாலாவது நாள், புதன்கிழமை காலை, எங்கள் அலுவலக வரவேற்பில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டார். பெயர் வினோதினி, ஐம்பத்தொன்பது வயது, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். படிவத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறார். கணக்கு டீச்சர் என்றால் சும்மாவா?

"இந்த ஃபாரத்தை எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"நீயா கண்ணு? சாப்பிட்டியா?" என்றார். நான் தலையாட்டியதும், "சரி, என் வீட்டுக்காரரை எங்க வச்சிருக்க, அதைச் சொல்லு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கணவர் ஜெகதீசன், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்கு மனைவியைத் தெரியவில்லை, வீடு தெரியவில்லை, பார்த்த வேலை தெரியவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் தெரிகிறது. இருநூற்று எண்பத்தாறு கோப்புகள் அனுப்பியும் இந்தக் கதி.

"எப்படி அனுப்புனீங்கம்மா? வரிசையாச் சொல்லுங்க."

"முதல்ல செல்லியம்மன் கோவில் ஃபைலை மட்டும் தனியாப் போட்டேன். எங்க குலசாமி. சாமியை முன்னால வைக்காம நாங்க எதையும் ஆரம்பிக்கிறதில்ல. கண்ணை மூடிக் கும்பிட்டேன். அப்புறம் மறுபடி அமுக்கி மத்த இருநூத்தி எண்பத்தஞ்சையும் மொத்தமாச் சேர்த்தேன். எல்லாம் வரிசையாத் திரையில வந்துச்சே!"

கணினியைத் திறந்து நான் எழுதியதைப் பார்த்தேன். பார்த்த இரண்டாவது நிமிஷம் தெரிந்துவிட்டது.

"அம்மா, இது என்ன பண்ணுதுன்னா, முதல் தடவை எடுத்ததை மட்டும்தான் அனுப்புது. ரெண்டாவது தடவை எடுத்ததைத் திரையில காட்டும், ஆனா அனுப்பாது. பந்தியில முதல் ஆளை உள்ள விட்டுட்டு, மத்தவங்க பேரை வாசல்ல எழுதி வச்சுட்டு, கதவைச் சாத்தின மாதிரி."

"இதை யாரும் சோதிச்சுப் பாக்கலையா?"

பார்த்தோமே! பதினோராயிரம் தடவை பார்த்தோம். சோதித்தது இயந்திரம். அது எல்லாக் கோப்பையும் ஒரே அமுக்கில் எடுத்து ஒரே அமுக்கில் அனுப்பியது. இயந்திரத்துக்குக் குலசாமி கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுக்கே என் அம்மா பிள்ளையார் சுழி போடுவாள். அவள் பெற்ற எனக்கே தோன்றவில்லை. முந்நூற்றுத் தொண்ணூறு குடும்பமும் அதைத்தான் செய்திருந்தது. அம்மன், முனியப்பன், மாதா கோவில், தர்கா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் கோப்பு. தப்பித்த இருபத்தொரு பேர் நாத்திகர் வீட்டுக்காரர்கள், இல்லாவிட்டால் அவசரக்காரர்கள்.

மேலாளர் ஸ்டீபனிடம் ஓடினேன். "மூணு வாரமா ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே மகிழ்?" என்றார்.

"நான் மனு போட்டேனே" என்றார் வினோதினியம்மா. "துறையோட குறைதீர்ப்புப் படிவத்துல. பிள்ளையார் படத்தை முதல்ல வச்சு, அப்புறம் மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேர்த்து."

நானும் ஸ்டீபனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறைதீர்ப்புப் படிவமும் நான் எழுதியதுதான். அதே நிரலை அப்படியே தூக்கி அங்கேயும் வைத்திருந்தேன். நேரத்தை மிச்சப்படுத்தியதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

மறுநாள் நானும் வினோதினியம்மாவும் இணை இயக்குநர் மதிவாணனைப் பார்க்கப் போனோம். திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. அறை முழுக்கப் பிள்ளையார். சுவரில் வரிசையாகப் பிரேம் போட்ட பிள்ளையார்கள்.

"மனுவா? வந்துச்சே, முப்பத்தொம்பது வந்துச்சு" என்றார். "ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளையார் படம் மட்டும்தான் இருக்கு. குறைன்னு ஒரு வரி கிடையாது. ஜனங்க நன்றி தெரிவிச்சு அனுப்பியிருக்காங்கன்னு பதிவு பண்ணிட்டோம். படத்தை எல்லாம் பிரின்ட் போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க."

"சார், மூணாவது வரிசையில ரெண்டாவது என்னோடது" என்றார் வினோதினியம்மா.

நான் நடந்ததை விளக்கினேன். இரண்டே வரிதான் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டேன், நீங்கள் அனுமதி கொடுத்தால் போதும், மற்ற குடும்பங்களுக்கும் தகவல் சொல்லிவிடலாம், இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, சரி பண்ணா என்ன அர்த்தம்? தப்பு இருந்துச்சுன்னு அர்த்தம். நூத்துக்கு நூறு மகிழ்ச்சின்னு சட்டசபையில வாசிச்சாச்சு. அதுல போய்த் தப்பு எங்கேருந்து வரும்?"

"இவங்க கணவருக்கு இவங்களையே தெரியல சார்."

"தெரிஞ்சவன் எல்லாம் சந்தோஷமா இருக்கானா? என்னையே எடுத்துக்குங்க" என்றவர், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று கதவைப் பார்த்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தார். "ஒண்ணு செய்யலாம். விதி பதினேழு. நோயாளியே நேர்ல சம்மதம் சொன்னா அவர் படிவத்தை மட்டும் மறுபடி திறக்கலாம். திங்கக்கிழமை நானே வர்றேன். ஆனா சும்மா அலையாதீங்க. நூறு மகிழ்ச்சியில இருக்கிற மனுஷன் எதுக்கும்மா இன்னும் வேணும்னு கேக்கப் போறாரு?"

அனுமதி இல்லாமலே, கையில் கிடைத்த நம்பர்களுக்கெல்லாம் நானே போன் போட்டேன். துறைக்குத் தெரிந்தால் வேலை போகும், போகட்டும். பலர் நம்பவில்லை. நம்பியவர்களில் பாதிப் பேர், "இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு, நீங்க வேற" என்று வைத்துவிட்டார்கள். ஒருவருடைய அப்பா வீடு திரும்பி, ஏற்கெனவே பக்கத்துத் தெருக்காரர்களுக்கு விபூதி கொடுத்துக் குறி சொல்ல ஆரம்பித்திருந்தார். பதினோரு பேர் மட்டும் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினோதினியம்மா வீட்டுக்குப் போய் அவர் எடுத்திருந்த பட்டியலைச் சரிபார்த்தேன். இருநூற்று எண்பத்தாறும் இருந்தன. ஆனால் 2041 ஆகஸ்டோடு நின்றுவிட்டன. அதற்குப் பிந்திய பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோப்புக்குக்கூட டிக் போடவில்லை.

"கடைசிப் பன்னெண்டு வருஷம் விட்டுப்போயிருக்கும்மா."

"விட்டுப்போகல. நான்தான் விட்டேன்."

அவர்களுக்கு ஒரே மகன், கவின். பத்தொன்பது வயதில், 2041 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பைபாஸ் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பவில்லை. அதை அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் சொன்னார்.

"அதுக்கப்புறம் உள்ள எந்த ஃபைலைத் திறந்தாலும் அவன் இல்லாததுதான் இருக்கு. பொங்கல்னா அதுல அவன் இல்ல, தீபாவளின்னா அதுலயும் இல்ல. இவருக்காவது அது வேண்டாம்னு நினைச்சேன் கண்ணு. நோய் வந்து முக்கால்வாசி மறந்தப்பகூட அவருக்கு அது மட்டும் மறக்கல. தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு அழுவாரு."

"கவின் எங்கேன்னு கேட்டா?"

"கனடாவுல வேலைன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். போன் மட்டும் எடுக்க மாட்டேங்குறான்னு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்கு அவர் வேணும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அது போதும்."

திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் ஐந்தாவது மாடி. வார்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. "கழட்டிட்டு வாங்க மேடம், எல்லாரும் கழட்டிட்டுத்தான் வர்றாங்க" என்றாள் நர்ஸ். உள்ளே கட்டிலுக்குக் கட்டில் தேங்காய் பழம். மதிவாணன் ஒரு பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

ஜெகதீசன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கி எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குள் இருந்த அந்த ஒரு நாளில், செல்லியம்மன் கோவிலில், கவினுக்கு மூன்று வயது. மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று. தாய்மாமன் மடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி அப்பா தோளில் ஏறியிருக்கிறான். அவர் பிடித்துக்கொண்டிருந்தது அவன் கணுக்கால்களை.

மதிவாணன் தொண்டையைச் செருமி, "திரு. ஜெகதீசன் அவர்களே" என்று ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். பையன் இப்பதான் அழுகையை நிறுத்தியிருக்கான்." பிறகு வினோதினியம்மாவைப் பார்த்து, "உக்காருங்கம்மா. நீங்களும் கோவிலுக்கு வந்தீங்களா? எங்க வீட்ல பொங்கப் பானை இறக்கப் போயிருக்கா. பச்சைப் பொடவை. இப்ப வந்துடுவா" என்றார்.

மதிவாணன் படிவத்தைப் பார்த்து வாசித்தார். "விடுபட்ட நினைவுகளை ஏற்றுக்கொள்ளத் தங்களுக்குச் சம்மதமா?"

"எதுக்கு சார்? எனக்கு எல்லாம் இருக்கே."

மதிவாணன் என்னைப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. பேனாவை மூடப் போனார். எனக்கு அவர் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரமாக வந்தது. வினோதினியம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா அழறீங்க? யாராச்சும் ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்றார் ஜெகதீசன்.

"பச்சைப் பொடவை நான்தாங்க."

அவர் சிரித்தார். "அவளுக்கு முப்பத்தொரு வயசும்மா."

"அன்னிக்கு முப்பத்தொண்ணு. பானை இறக்கும்போது கையைச் சுட்டுக்கிட்டு வந்தேன். நீங்க கவின் தலையிலேருந்து சந்தனத்தை வழிச்சு இங்க தடவுனீங்க." வலது மணிக்கட்டை நீட்டினார். பழைய தழும்பு ஒன்று இருந்தது. "அதுக்கப்புறம் நடந்தது எதுவும் உங்ககிட்ட இல்லைங்க. என்கிட்ட இருக்கு."

அவர் தழும்பை வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி தழும்பைப் பார்த்தார்.

"அப்ப கவின் பெரியவனாயிட்டானா?"

"உங்களைவிட உசரம்."

"எங்க இருக்கான்?"

கனடா என்று சொல்ல வினோதினியம்மா வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சொல்லட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அப்போதே கையெழுத்தாகியிருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எதிரில் அந்த மனிதர் இன்னும் இரண்டு கைகளாலும் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாரே!

"இல்லைங்க" என்றார். "பத்தொம்பது வயசுல போயிட்டான்."

மதிவாணன், "ஏம்மா, இதெல்லாம் சொல்லக் கூடாதும்மா, விதியில..." என்று எழுந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஜெகதீசனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. மடியில் வந்து கிடந்தன. கட்டிலோர மகிழ்ச்சிக் கருவி தொண்ணூறு, எண்பது என்று இறங்கிக்கொண்டே போனது.

"எனக்கு அது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பன்னெண்டு வருஷம், நீங்களும் நானும்."

"இப்ப?"

"இப்ப நான் மட்டும்தான்."

ஜெகதீசன் மதிவாணன் பக்கம் திரும்பி, "சார், கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

"நல்லா யோசிச்சுக்குங்க சார். இப்ப சந்தோஷமா இருக்கீங்க. அதை எதுக்கு..."

"எங்க சார் இருக்கேன்? பையன் இப்ப தோள்ல இல்லையே." பேனாவை வாங்கிக்கொண்டு வினோதினியம்மாவிடம் சொன்னார், "எல்லாத்தையும் போடுங்கம்மா. அதையும் சேர்த்து. எனக்குன்னு ஒளிச்சு ஒண்ணும் வைக்காதீங்க."

அங்கேயே, வார்டு வராந்தாவில், என் கணினியில் படிவத்தைத் திறந்தோம். "முந்நூறுல இருநூத்தி எண்பத்தாறு போனா பதினாலு" என்றார் டீச்சர். அந்த ஆகஸ்ட் ஒன்பதுக்கு டிக் போட்டார். மீதிப் பதிமூன்றையும் அந்தப் பன்னிரண்டு வருஷத்திலிருந்து பொறுக்கினார். பெரிய விசேஷம் எதுவும் இல்லை. வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள், ஒரு மழை, கவினின் சட்டைகளை மடித்துப் பக்கத்து ஊர் அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த நாள். முந்நூறையும் ஒரே அமுக்கில் எடுக்கச் சொன்னேன். எடுத்தார், அனுப்பினார். முந்நூறும் போய்ச் சேர்ந்ததை நான் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

வருகிறேன் என்ற பதினோரு குடும்பத்தில் ஆறு வந்தது. அதில் நான்கு நோயாளிகள் சம்மதிக்கவில்லை. மற்றவர்களின் கோப்புகள் மறுநாள் சட்டப்படி அழிந்தன. துறை எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தப்பு செய்ததற்காக இல்லை, வெளியில் சொன்னதற்காக.

வியாழக்கிழமை ஜெகதீசன் கண் விழித்தார். நானும் கூட இருந்தேன். சுற்றுமுற்றும் பார்த்தார், வினோதினியம்மா மேல் கண் வந்து நின்றது. முகம் கோணிக்கொண்டு வந்தது.

"வினோ" என்றார். "ஒரு மாசமா தனியா எப்படிடி இருந்த?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கட்டில் புன்னகைகள் எல்லாம் அசையாமல் அப்படியே இருந்தன. கருவி கீ கீ என்று கத்தியது. நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தாள்.

"பூஜ்யத்துக்குப் போயிட்டாரு மேடம், உடனே மருந்து போடணும், தள்ளுங்க!"

வினோதினியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியைத் தடுத்தார். இந்த ஒன்பது நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதுட்டு வர்றோம். நீ போ."